புயலில் கரண்டும் நெட்டும் போனால் யுபிஐ, இ-ரூபாய், பிட்காயின்: எது ஓடும், எது நிற்கும்?

கேள்வி இது: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக்கடை. வியாபாரத்தில் பெரும்பகுதி க்யூஆர் ஸ்கேனில்தான் வருகிறது. 2011-இல் வந்த 'தானே' மாதிரி ஒரு புயல் அடித்து நாலைந்து நாள் கரண்ட், நெட் இரண்டும் இல்லாமல் போனால் டிஜிட்டல் பணம் எதற்காவது ஆகுமா? இ-ரூபாய், பிட்காயின் எல்லாம் நெட் இல்லாமலே ஓடும் என்கிறார்களே, உண்மையா?

முதல் இரண்டு மூன்று நாளைக்கு நோட்டும் சில்லறையும்தான். டவர் ஒன்றாவது உயிரோடு இருக்கும் இடத்தில் யுபிஐ தட்டுத்தடுமாறி ஓடும். பிட்காயின் உங்கள் கடைக்கு உதவாது. "நெட் இல்லாமல் ஓடும்" என்று சொல்லப்படும் எந்த முறையை எடுத்தாலும் உள்ளே இருப்பது ஒரே சங்கதி: பணம் வந்ததா இல்லையா என்று சரிபார்க்க முடியாத நேரத்தில் யாரோ ஒருவர் நம்பிக் கடன் கொடுக்கிறார். அந்த ஒருவர் வங்கியா, போனில் இருக்கும் சிப்பா, அல்லது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நீங்களா என்பதைப் பார்த்துவிட்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே கரையைக் கடந்தபோது யுபிஐ என்ற ஒன்றே கிடையாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது. ஆனாலும் கையில் இருந்த நோட்டில் வியாபாரம் நடந்தது. 2015 வெள்ளத்திலும் அப்படித்தான். யுபிஐ வந்தது 2016-இல். அது தெருமுனைப் பூக்கடை வரை பரவிவிட்ட பிறகு நம் பக்கத்தை உலுக்கிய புயல் ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்று, 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர். அது வடியுமுன் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி கடலூரைச் சூழ்ந்தது. தானேயில் காற்று, ஃபெஞ்சலில் தண்ணீர். இரண்டிலும் அறுபடும் இடம் வேறு வேறு என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

ஒருவர் ஸ்கேன் செய்து 180 ரூபாய் அனுப்புகிறார் என்றால் அவர் போனில் சார்ஜ் வேண்டும், டவர் வேண்டும், டவரிலிருந்து வெளியே போகும் ஃபைபர் வேண்டும், அப்புறம் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, அவருடைய வங்கி, உங்களுடைய வங்கி மூன்றும் எழுந்து நிற்க வேண்டும். கடைசி மூன்றும் நம்மூரில் இல்லை. வங்கிகளின் முதன்மைக் கணினிகள் பெருநகரங்களில் இருக்கின்றன, ஓரிடத்தில் போனால் வேறு ஊரில் மாற்று ஏற்பாடும் உண்டு. ஆகவே கடலூரில் எவ்வளவு பெரிய புயல் அடித்தாலும் கணக்கில் உள்ள பணம் கரையாது. எடுக்கத்தான் முடியாது.

அறுபடுவது நடுவில். டவரில் 48 வோல்ட் பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனால் சில மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டர் உள்ள டவர் டீசல் இருக்கும் வரை ஓடும். டீசல் கொண்டுபோகும் வண்டி, மரம் விழுந்த சாலையிலோ இடுப்பளவு தண்ணீரிலோ நின்றுவிட்டால் அதுவும் அவ்வளவுதான். அதனால்தான் புயல் அடிக்கும்போது இருந்த சிக்னல், அடித்து ஓய்ந்த மறுநாள் மதியம் காணாமல் போகிறது. "நேற்று இருந்ததே" என்று பலர் குழம்புவது இங்கேதான். ஃபைபர் கதை வேறு. தனியார் பிராட்பேண்ட், கேபிள்காரர் இழுத்த லைன் என்று பெரும்பாலும் மின்கம்பத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கம்பம் சாய்ந்தால் கரண்டும் நெட்டும் ஒரே நேரத்தில் போகும், கம்பம் நட்டுக் கரண்ட் வந்த பிறகும் நெட் சில நாள் வராது. நெய்வேலி அனல்மின் நிலையம் நம் மாவட்டத்திலேயே இருப்பதால் கரண்ட் சீக்கிரம் வந்துவிடும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். உற்பத்திக்குக் குறைவில்லை. தெருவில் கிடக்கும் கம்பிதான் பிரச்சினை.

இனி ஒவ்வொரு முறையாக.

சாதாரண யுபிஐ: சிக்னல் இருந்தால் ஓடும், ஆனால் ஊரில் பிழைத்த நாலு டவரில் ஊரே தொங்கும்போது டேட்டா ஊர்ந்துதான் போகும். கோரிக்கை போய்விடும், பதில் வராது, திரையில் கடிகாரப் படம் போட்டு 'ப்ராசஸிங்' என்று நிற்கும். அப்போது திரும்ப ஒருமுறை அனுப்பச் சொல்லாதீர்கள், இரண்டும் போய்ச்சேர வாய்ப்பு உண்டு. விடியற்காலையிலும் இரவு பத்து மணிக்கு மேலும் நெரிசல் குறைவு. மொத்த வியாபாரிக்கு அனுப்ப வேண்டிய தொகையை அந்த நேரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

யுபிஐ லைட்: 2022 செப்டம்பரில் வந்தது. இதை 'ஆஃப்லைன்' என்று விற்கிறார்கள், அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். பணம் கொஞ்சம் முன்கூட்டியே லைட் கணக்கில் ஒதுக்கப்படும், ஒவ்வொரு தடவையும் வங்கியின் பிரதான கணினியைத் தட்ட வேண்டியதில்லை, பின் நம்பரும் வேண்டாம். ஆனால் நெட் வேண்டும். அதாவது அனுப்புபவரின் வங்கி சர்வர் படுத்துவிட்டால் இது உதவும், டவர் படுத்துவிட்டால் உதவாது. 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வரம்பை உயர்த்தியது: ஒரு தடவைக்கு 1,000 ரூபாய், மொத்த இருப்பு 5,000. நெட் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஒரு படி குறைவாக இருப்பதால் சாதாரண யுபிஐயைவிட இது தேறும். வாடிக்கையாளர்களைப் புயல் எச்சரிக்கை வந்தவுடனே லைட்டில் 2,000 போட்டு வைக்கச் சொல்லலாம்.

லைட் எக்ஸ் என்று ஒன்று 2023-இல் வந்தது. அது உண்மையாகவே இரண்டு போனையும் ஒட்டவைத்து, சிக்னல் இல்லாமல் பணம் மாற்றும். இரண்டு போனிலும் என்எஃப்சி (ஒட்டவைத்தால் ஒன்றோடொன்று பேசும் வசதி) இருக்க வேண்டும், இரண்டு பேரும் முன்கூட்டியே அதை இயக்கி வைத்திருக்க வேண்டும். விலை குறைந்த போன் பலவற்றில் என்எஃப்சி கிடையாது. உங்கள் தெருவில் இந்த வசதியோடு எத்தனை பேர் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தொழில்நுட்பம் சரி, ஆள் இல்லை.

*99#: பட்டன் போனில் கூட நெட் இல்லாமல் பணம் அனுப்பலாம். ஆனால் டவர் வேண்டும். தேவைப்படுவது மிகச் சொற்பமான சிக்னல், அதனால் டேட்டா செத்துப்போய் கால் மட்டும் போகிற இடத்தில் இதுதான் வழி. வங்கியில் பதிந்த நம்பரிலிருந்து *99# அழுத்துங்கள். முதல் தடவை வங்கியின் பெயரையோ ஐஎஃப்எஸ்சியின் முதல் நான்கு எழுத்தையோ கேட்கும், கணக்கைத் தேர்ந்தெடுத்து, டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்ணையும் காலாவதித் தேதியையும் கொடுத்து யுபிஐ பின் அமைக்க வேண்டும். அதன்பிறகு 1 என்று அனுப்பினால் பணம் அனுப்பும் பட்டியல் வரும். பெறுபவரின் மொபைல் எண், தொகை, பின், முடிந்தது. வரம்பு ஒரு தடவைக்கு 5,000 ரூபாய். குறை என்னவென்றால் ஒவ்வொரு திரைக்கும் சில வினாடிதான் அவகாசம். எண்ணைத் தேடி நோட்டைப் புரட்டினால் இணைப்பு அறுந்துவிடும். பெறுபவர் எண்ணைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது, அந்த சிம்மில் இது வரும் என்று எண்ணி இருக்காதீர்கள். எந்த சிம்மாக இருந்தாலும் வெயில் காலத்திலேயே ஒரு பத்து ரூபாய் அனுப்பிப் பார்த்துவிட வேண்டும். முதல்முறைப் பதிவைப் புயல் நாளுக்கு விட்டுவைக்காதீர்கள்.

இதோடு 2022 மார்ச்சில் வந்த 123பே. அதற்கான எண்ணுக்கு போன் போட்டு, குரல் சொல்கிறபடி அழுத்திப் பணம் அனுப்புவது. 2025 ஜனவரி முதல் வரம்பு 10,000. போன் கால் இணையும் இடத்தில் இதுவும் வேலை செய்யும்.

இ-ரூபாய் பற்றித்தான் எதிர்பார்ப்பு அதிகம். ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 அன்று சில்லறைச் சோதனையைத் தொடங்கியது. நோட்டு மாதிரியே 10, 50, 100 என்று மதிப்புப் போட்ட டோக்கன், வட்டி கிடையாது, யுபிஐ க்யூஆரிலேயே கட்டலாம். க்யூஆரில் கட்டும்போது அதுவும் நெட்டில்தான் போகிறது, ஆகவே புயலில் யுபிஐக்கு என்ன கதியோ அதே கதி. ஆஃப்லைன் வசதி தருவோம் என்று 2024 பிப்ரவரி நிதிக்கொள்கை அறிவிப்பில் சொன்னார்கள். அது பரவலாக வந்தாலும் தொகை வரம்பு இருக்கத்தான் செய்யும். காரணம் எளிது. நோட்டை உங்களிடம் கொடுத்துவிட்டால் அது என் கையில் இல்லை. டிஜிட்டல் டோக்கனுக்கு அந்தக் குணம் இல்லை, நகல் எடுத்து இரண்டு கடையில் கொடுக்க முயலலாம். நெட் இருந்தால் மைய ஏடு அதைத் தடுக்கும். நெட் இல்லாவிட்டால் போனில் உள்ள பாதுகாப்புச் சிப்பை நம்ப வேண்டும். சிப்பை உடைக்க ஒருவன் செலவழிக்கும் காசுக்கு அதில் கிடைக்கும் லாபம் ஈடாகக் கூடாது என்பதற்காகத்தான் உலகம் முழுக்க ஆஃப்லைன் பணத்துக்குச் சிறிய வரம்பு வைக்கிறார்கள்.

பிட்காயினுக்கு வருவோம். "யாராலும் நிறுத்த முடியாது" என்பது உலக அளவில் சரி. கடலூரே இருண்டாலும் பிட்காயின் கணக்கை எழுதிவைக்கும் பொது ஏடு வேறு நாடுகளில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் கையெழுத்திட்ட பரிவர்த்தனை அங்கே போய்ச்சேர வேண்டுமே. செயற்கைக்கோள் வழியாக அந்த ஏட்டைப் பெற முடியும், அது 2017 முதல் இருக்கிறது, ஆனால் அது ஒருவழி. அனுப்ப வேறு இணைப்பு வேண்டும். ரேடியோவில் அனுப்பிய ஆர்வலர்கள் உண்டு, அது மளிகைக்கடை வேலை அல்ல. போய்ச்சேர்ந்தாலும் அது ஏட்டில் ஏற ஒரு பிளாக், அதாவது ஏட்டின் ஒரு பக்கம், சேர வேண்டும், அதற்குச் சராசரியாகப் பத்து நிமிடம், அதுவரை அரிசி மூட்டையைக் கொடுப்பதா வேண்டாமா? அதற்கு மேல் 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதே ஆண்டு ஜூலை முதல் 1 சதவீத டிடிஎஸ் (கைமாறும்போதே பிடிக்கும் வரி). பால் பாக்கெட் வாங்க இது தேவையில்லை.

புயல் இல்லாமலே நிற்கிற நாளும் உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 இரண்டு நாளும் நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. இங்கே வெயில் அடித்தது, கரண்டும் இருந்தது. அதே ஏப்ரல் 28-ஆம் தேதி ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மின்கட்டமைப்பே விழுந்தபோது கார்டு மட்டும் வாங்கிய கடைகள் ஷட்டரை இறக்கின. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ராஜர்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் நெட்வொர்க் விழுந்ததும் நாட்டின் டெபிட் கார்டு முறையான இன்டராக் சேர்ந்து விழுந்தது. கடைக்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: உங்கள் போன், வீட்டம்மா போன், கல்லாவில் இருக்கும் சவுண்ட்பாக்ஸ் மூன்றும் ஒரே கம்பெனி சிம்மில் இருக்கக் கூடாது. பேரிடர் நேரத்தில் ஒரு கம்பெனி டவரை மற்ற கம்பெனி வாடிக்கையாளரும் பயன்படுத்தத் தொலைத்தொடர்புத் துறை அனுமதிப்பதுண்டு. அறிவிப்பு வந்தால் போன் அமைப்பில் நெட்வொர்க் தேர்வைக் கையால் மாற்றிப் பாருங்கள்.

இப்போது கல்லா. மூன்று விதமான நிலை வரும்.

வாடிக்கையாளருக்கு நெட் இல்லை, உங்களுக்கு இருக்கிறது என்றால் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுங்கள். யுபிஐ ஆப் சிம்மைப் பதிவின்போதுதான் கறாராகப் பார்க்கும், அன்றாடப் பணம் அனுப்ப எந்த நெட் வழியானாலும் போதும். பாஸ்வேர்டு போட்டு, ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் விடாதீர்கள்.

அவருக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அவர் போனில் பச்சை டிக் வருகிறது, உங்கள் சவுண்ட்பாக்ஸ் வாய் திறக்கவில்லை. ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காதீர்கள், போலி ஆப்பில் அச்சு அசலாக அதே திரை வரும். ஆப்பின் பழைய பரிவர்த்தனைப் பட்டியலைத் திறக்கச் சொல்லி, அதிலிருக்கும் 12 இலக்க எண்ணையும், பெயர், தொகை, நேரத்தையும் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சிக்னல் வந்ததும் வங்கி அறிக்கையில் அந்த எண்ணைத் தேடினால் தெரிந்துவிடும். ஆனால் எழுதிக்கொண்ட அந்தக் கணத்தில் அது பணம் அல்ல, நீங்கள் கொடுத்த கடன். ஆகவே முகம் தெரிந்தவருக்கு மட்டும், அதுவும் 500 ரூபாய்க்குள்.

இருவருக்கும் இல்லை என்றால் ரொக்கம், அதுவும் இல்லாவிட்டால் கணக்கு நோட்டுப்புத்தகம். தேதி, பெயர், போன் நம்பர், தொகை, எதிரில் அவர் கையெழுத்து. சொல்லப்போனால் மேலே சொன்ன எல்லா ஆஃப்லைன் முறையைவிட இது பழையது, நம்பகமானது. சிப்புக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும், யார் திருப்பிக் கட்டுவார் என்று. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு உச்சவரம்பைப் புயலுக்கு முன்பே மனதில் போட்டுவிடுங்கள், எதிரே நிற்கும்போது போட முடியாது.

நோட்டு வைத்திருப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏடிஎம்மில் கடைசி நேரத்தில் எடுப்பவர்கள் எல்லோர் கையிலும் 500 ரூபாய்த் தாள்தான். பால் பூத்தில் 35 ரூபாய்க்கு ஐநூறை நீட்டுவார், அடுத்தவரும் ஐநூறை நீட்டுவார், மூன்றாவது ஆளுக்குள் சில்லறை தீர்ந்து, பணம் இருந்தும் வியாபாரம் நின்றுவிடும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 5,000 ரூபாய் என்றால் இப்படிப் பிரித்து வையுங்கள்: நூறு 25, ஐம்பது 20, இருபது 30, பத்து 40, ஐநூறு ஒன்றே ஒன்று. கடைக்கு இதற்கு மேல் பத்து ரூபாய்க் கட்டு இரண்டு, இருபது ரூபாய்க் கட்டு ஒன்று, ஐம்பது ரூபாய்க் கட்டு ஒன்று, மொத்தம் 9,000. ஐப்பசி பிறந்ததுமே வங்கியில் கேட்டு வாங்கிவிடுங்கள், வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்த பிறகு கவுன்ட்டரில் கிடைக்காது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், தரைமட்டத்துக்கு மேலே. ஹாலந்து மத்திய வங்கி 2025-இல் தன் மக்களுக்குப் பெரியவருக்கு 70 யூரோ, குழந்தைக்கு 30 யூரோ ரொக்கம் வீட்டில் வைக்கச் சொன்னது. கார்டிலேயே வாழும் நாடே அப்படிச் சொல்கிறது.

நனைந்த நோட்டைப் பிரித்து நிழலில் காயவையுங்கள், இஸ்திரி போடாதீர்கள். கிழிந்தால் வங்கியில் மாற்றலாம். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தாளில் ஒரே துண்டாக 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை இருந்தால் பாதி.

சார்ஜ் விஷயத்தில் பலர் கணக்கில் தவறுகிறார்கள். 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் என்றால் 5,000 எம்ஏஎச் போனை இரண்டு தடவை நிரப்பும் என்று நினைப்பார்கள். 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றுவதில் இழப்பு போக ஒன்றேகால் தடவைதான் தேறும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும், ஆகவே ஏரோபிளேன் மோடில் வைத்து, மணிக்கு ஒருதரம் திறந்து பாருங்கள். போனுக்காக மட்டும் இன்வெர்ட்டரை ஓட்டாதீர்கள். போன் எடுத்துக்கொள்வதைவிட இன்வெர்ட்டர் தான் சும்மா ஓடுவதற்குத் தின்பது அதிகம். கார், பைக்கில் மாட்டும் 12 வோல்ட் யுஎஸ்பி சார்ஜர் ஒன்று போதும். சவுண்ட்பாக்ஸை முழு சார்ஜ் போட்டு, சிக்னல் இல்லாதபோது அணைத்து வையுங்கள்.

டிஜிட்டல் பணம் உண்மையாக உதவும் இடம் நாலாம் நாளுக்கு மேல். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளை அனுப்பும் பணத்துக்குச் சாலை திறக்க வேண்டியதில்லை. ஃபெஞ்சலுக்குப் பிறகு நிவாரணம் வந்த விதத்தைப் பாருங்கள்: கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தமிழக அரசு அறிவித்தது 2,000 ரூபாய், புதுச்சேரி அரசு ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய். ரேஷன் கடையில் ரொக்கமாகக் கொடுத்தால் வரிசையில் நிற்க வேண்டும், கையில் நோட்டு வரும். வங்கிக் கணக்கில் போட்டால் வரிசை இல்லை, எடுக்க ஏடிஎம் ஓட வேண்டும். கடைக்காரர் கண்ணில் பார்த்தால் முதலாவது அன்றே கடைக்கு வரும் காசு, இரண்டாவது டவர் வந்த பிறகு வரும் காசு. சரக்கு எவ்வளவு எடுப்பது என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

போன் தண்ணீரில் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், புயலுக்குப் பிறகு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். புது போனில் யுபிஐ பதிய, உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். பழைய சிம் பிழைத்திருந்தால் அதையே போடுங்கள், டூப்ளிகேட் வாங்கினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும். பதிந்த பிறகும் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் அனுப்ப முடியும். ஆகவே சரக்குக்காரருக்குக் கொடுக்க வேண்டியதை அன்றைக்கே யுபிஐயில் அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காசோலை கொடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் போனிலும் அந்த நாட்களில் சிம்மை இடம் மாற்றுவது, ஆப்பை நீக்கி மறுபடி போடுவது எதுவும் வேண்டாம். மறுபடி பதியச் சொல்லும், எஸ்எம்எஸ் போகாது, இருந்ததும் போய்விடும்.

நெட் வந்ததும் கணக்கு நோட்டில் எழுதிய 12 இலக்க எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வாடிக்கையாளர் கணக்கில் கழிந்து உங்களுக்கு வராமல் தொங்குபவை, கடைக்குக் கட்டிய தொகையானால் ஐந்து நாளுக்குள், ஆளுக்கு ஆள் அனுப்பியதானால் மறுநாளுக்குள் தானாக அவருக்கே திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதி. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. திரும்பிய தொகையை மறுபடி உங்களுக்குக் கட்ட வேண்டியவர் அவர்தான், அதற்கு ஒரு போன் போட வேண்டியது நீங்கள்.